சும்மா இருந்தால் நின்றுபோகும் கம்ப்யூட்டர்: கிராபிக்ஸ் கார்டு தூங்கக் கற்ற வரலாறு

ஆரணி என்றதும் நினைவுக்கு வருவது பட்டுச் சேலை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் தறிச் சத்தம் கேட்காத நெசவாளர் தெரு கிடையாது. அந்தச் சேலைகளின் கரையிலும் முந்தியிலும் வரும் மயில், மாங்காய், யாளி எல்லாம் ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் பிறந்தன. இப்போது பல டிசைன்கள் பிறக்கும் இடம் கம்ப்யூட்டர் திரை. அதுவும் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை. கடையில் அசெம்பிள் செய்த சாதாரண டெஸ்க்டாப்தான்.

இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. டிசைன் போடுபவர் ஐந்து நிமிடம் கட்டங்களில் புள்ளி வைப்பார். பத்து நிமிடம் திரையைப் பார்த்து யோசிப்பார். பிறகு மாஸ்டர் வீவரிடம் போனில் பேசுவார், பழைய சேலையை விரித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அதாவது அந்தக் கம்ப்யூட்டர் நாளில் பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கும். அப்படிச் சும்மா இருக்கும்போது பட்டென்று திரை கருப்பாகி எல்லாம் உறைந்துபோனால்? சேமிக்காத முந்தி டிசைன் போச்சு! அரை நாள் வேலையும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், அதே கம்ப்யூட்டரில் பையன் வந்து மூன்று மணி நேரம் கேம் விளையாடினால் ஒன்றும் ஆகாது. பாரம் ஏற்றினால் ஓடுகிறது, இறக்கி வைத்தால் விழுகிறது! மாட்டு வண்டியில் இப்படி நடக்காது. மிக்சியிலும் கிரைண்டரிலும் நடக்காது. கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் நடக்கிறது?

விடை இதுதான்: கம்ப்யூட்டருக்குச் "சும்மா இருப்பது" என்பது ஓய்வு இல்லை. அது தனியாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட இன்னொரு வேலை. எப்போது, யார், எதற்காகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தால் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

தறி நின்றால் நின்றதுதான்

கம்ப்யூட்டருக்கும் பட்டுத் தறிக்கும் உறவு பழையது. பிரான்சின் லியோன் நகரில் 1725-இல் புஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளால் தறியின் இழைகளைத் தூக்க முயன்றார். சில ஆண்டுகளில் ஃபால்கன் என்பவர் அதை அட்டைகளாக மாற்றினார். 1804-இல் ஜோசப் மேரி ஜக்கார்டு அதை முழு இயந்திரமாக்கினார். அவர் பெயர்தான் நம் ஊர்த் தறிகளின் தலையில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. இந்த "உண்டு, இல்லை" கணக்கையே அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டைகளாகக் கொண்டுவந்தார். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நெசவாளர் எழுந்து சாப்பிடப் போனால் தறி நிற்கும். அட்டை அதே இடத்தில் தொங்கும். மறுநாள் வந்து உட்கார்ந்தாலும் அதே அட்டையிலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி பத்து நாள் நெசவு நின்றாலும் டிசைன் எங்கும் ஓடிவிடாது.

கம்ப்யூட்டர் அப்படி நிற்பதில்லை. திரையில் ஒரு புள்ளிகூட அசையாவிட்டாலும் சாதாரண மானிட்டருக்கு நொடிக்கு 60 முறை முழுப் படத்தையும் கிராபிக்ஸ் கார்டு அனுப்பியாக வேண்டும். அனுப்புவதற்காகத் தன் நினைவகத்தை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் எழுந்து போனது கார்டுக்குத் தெரியாது. ஆக, பாதித் தூக்கத்திலும் நொடிக்கு 60 முறை கண் திறக்கும் காவல்காரன் நிலைமை அதற்கு!

1992: தூக்கத்துக்குச் சட்டம் வந்தது

ஆரம்பகால மேசைக் கம்ப்யூட்டர்களுக்குத் தூக்கம் என்பதே கிடையாது. சுவிட்சைப் போட்டால் முழு வேகம், அணைத்தால் பூஜ்யம். அப்போது "சும்மா இருக்கும்போது மட்டும் ஹேங் ஆகிறது" என்று யாரும் புகார் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் வேலை செய்யும்போதும் சும்மா இருக்கும்போதும் கம்ப்யூட்டருக்குள் ஓடிய மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பக்கம் லேப்டாப். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற மின் நிர்வாக முறையைக் கொண்டுவந்தன. மறுபக்கம் அரசு. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் யாரும் தொடாமல் மணிக்கணக்கில் ஓடி மின்சாரத்தைத் தின்பதைப் பார்த்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே 1992-இல் எனர்ஜி ஸ்டார் முத்திரையை அறிமுகப்படுத்தியது. முதலில் முத்திரை பெற்றவை கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். 1993-இல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் இந்த முத்திரை உள்ள கம்ப்யூட்டர்களையே வாங்க வேண்டும் என்று அதிபர் கிளின்டன் உத்தரவு போட்டார். உலகத்திலேயே பெரிய வாடிக்கையாளர் அப்படிச் சொன்னால் எந்தக் கம்பெனி கேட்காமல் இருக்கும்? அன்றிலிருந்து கம்ப்யூட்டர் தூங்கக் கற்றே ஆக வேண்டியதாயிற்று.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. புராசஸருக்கு இத்தனை படி தூக்கம், மற்ற சாதனங்களுக்கு இத்தனை படி தூக்கம் என்று வரிசை போட்டுக் கொடுத்தது அது. முழு விழிப்பு, அரைத் தூக்கம், ஆழ்ந்த தூக்கம் எனப் பல படிகள். கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு படிக்கும் இறங்க வேண்டும், ஒவ்வொரு படியிலிருந்தும் ஏற வேண்டும். கால் இடறுவது இந்தப் படிகளில்தான்.

கார்டுக்குப் பசி வந்த காலம்

அதே 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ வந்தது. முப்பரிமாண விளையாட்டுக்கென்றே ஒரு தனிக் கார்டு. 1999-இல் என்விடியா தன் ஜிஃபோர்ஸ் 256-ஐ "உலகின் முதல் ஜிபியு" என்று விளம்பரம் செய்து விற்றது. அதன்பிறகு கார்டுகளின் மின்சாரப் பசி கிடுகிடுவென ஏறியது. 2000-இல் வந்த வூடூ 5 5500-க்கு மதர்போர்டு ஸ்லாட் தந்த மின்சாரம் போதவில்லை. ஹார்டு டிஸ்குக்குப் போடும் ஒயரைக் கார்டிலேயே செருக வேண்டியிருந்தது. பிறகு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தந்தது. அதுவும் போதாமல் ஆறு முனை ஒயரில் இன்னொரு 75 வாட், எட்டு முனை ஒயரில் 150 வாட் என்று வளர்ந்தது.

பசி பெருகியதால் தூக்கமும் அவசியமாயிற்று. 2003-இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டில் இரண்டு வேகங்கள் இருந்தன. விளையாட்டில் 500 மெகாஹெர்ட்ஸ், சாதாரண டெஸ்க்டாப்பில் 300. அதன் விசிறிச் சத்தத்தை வாக்குவம் கிளீனரோடு ஒப்பிட்டு அன்று உலகமே கிண்டல் செய்தது. டெஸ்க்டாப்பில் வேகத்தைக் குறைக்காவிட்டால் யாரும் அந்தச் சத்தத்தோடு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க முடியாது! லேப்டாப் கார்டுகளில் ஏடிஐ வைத்திருந்த பவர்பிளே முறை 2007 இறுதியில் எச்டி 3870 மூலம் டெஸ்க்டாப் கார்டுக்கும் வந்தது.

இடையில் விண்டோஸ் விஸ்டா வந்தது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவில் ஏரோ என்ற கண்ணாடி போன்ற தோற்றம் இருந்தது. அதற்கு முன் டெஸ்க்டாப்பில் இருக்கும்போது கார்டின் முப்பரிமாணப் பகுதிக்கு வேலையே இல்லை. விஸ்டாவில் ஒரு ஜன்னலைத் திறந்து மூடினாலே அந்தப் பகுதி எழுந்து வேலை செய்ய வேண்டும், உடனே தூங்க வேண்டும். ஏற்ற இறக்கம் நாளுக்கு ஆயிரக்கணக்கில் பெருகியது.

விஸ்டா இன்னொரு காரியமும் செய்தது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் அதை விண்டோஸே ரீசெட் செய்து, "டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு செய்தி காட்டும். எக்ஸ்பி காலத்தில் நேராக நீலத் திரை வந்திருக்கும். மீள முடிந்தால் செய்தி, முடியாவிட்டால் விஸ்டாவிலும் நீலத் திரைதான். மைக்ரோசாஃப்ட் மீது நடந்த ஒரு வழக்கில் 2008-இல் வெளிவந்த ஆவணங்களின்படி, 2007-இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்கள் கணக்கில் இருந்தன. ஏடிஐ கணக்கில் 9.3 சதவீதம். சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் கிராபிக்ஸ் டிரைவர் எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

2009: சாம்பல் திரை

சும்மா இருக்கும்போது விழும் கோளாறுக்கு மிகத் தெளிவான உதாரணம் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5000 வரிசை.

அதற்கு முந்தைய எச்டி 4870 கார்டு 2008 ஜூனில் வந்தது. ஜிடிடிஆர்5 என்ற புதிய வேக நினைவகம் அதில்தான் முதலில் வந்தது. ஆனால் அது சும்மா இருக்கும்போதே சுமார் 90 வாட் இழுத்தது. நினைவகத்தின் வேகத்தைக் குறைக்கும் வித்தை இன்னும் சரியாகக் கைவரவில்லை. 2009 செப்டம்பரில் வந்த எச்டி 5870 அதைச் செய்து காட்டியது. முழு வேலையில் 850 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப், சும்மா இருக்கும்போது 157 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். நினைவகம் 1200-லிருந்து 300-க்கு இறங்கும். மின்சாரம் 27 வாட்தான்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90-இல் 27 போனால் 63 வாட் மிச்சம். நாளைக்கு எட்டு மணி நேரம் சும்மா இருந்தால் அரை யூனிட். மாதத்துக்கு 15 யூனிட். இன்வெர்ட்டரில் ஓட்டும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தூக்கம் என்பது நல்ல காரியம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் சில மாதங்களிலேயே உலகம் முழுவதிலிருந்தும் ஒரே மாதிரி புகார்கள் வந்தன. இணையத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, அல்லது ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது, திரை முழுக்கச் சாம்பல் நிறம் அல்லது நெடுக்குக் கோடுகள். பிறகு ரீசெட் பட்டன்தான் கதி. கேம் விளையாடினால் பிரச்சினை இல்லை! முதலில் பலர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், ரேமை மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் போட்டார்கள். பிறகு சில பயனர்கள் கார்டு இறங்கும் வேகத்தைத் தாங்களே கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பார்த்தார்கள். பலருக்குக் கோளாறு நின்றது. 2010-இன் தொடக்கத்தில் ஏஎம்டியும் இந்தச் சாம்பல் திரைக்கென்று தன் கேட்டலிஸ்ட் டிரைவருக்கு ஒரு சிறப்புத் திருத்தம் வெளியிட்டது.

இதில் என்ன நடக்கிறது? நினைவகத்தின் வேகத்தை மாற்றும்போது ஒரு கணம் அதைப் படிக்க முடியாது. ஆனால் மானிட்டருக்குப் படம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்கு நடுவே ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் வேகத்தை மாற்றி முடித்துவிட வேண்டும். நாடா ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்ந்து திரும்புவதற்குள் அட்டையை மாற்றுவது போல. கொஞ்சம் தவறினால் திரையில் கோடு. அதிகம் தவறினால் உறைவு.

இரண்டு மானிட்டர் போட்டால் நிலைமை இன்னும் கஷ்டம். இரண்டின் இடைவெளியும் ஒரே நேரத்தில் வராது. அதனால் அந்தக் காலக் கார்டுகள் பலவும் இரண்டாவது மானிட்டரைச் செருகியதும் நினைவகத்தைத் தூங்கவே விடாமல் முழு வேகத்தில் வைத்தன. இரண்டு மானிட்டர் வைத்தவருக்குக் கரண்ட் பில் கூடுதல், ஆனால் சாம்பல் திரைத் தொல்லை குறைவு. விசித்திரமான பேரம்!

ஏஎம்டி இதோடு நிற்கவில்லை. 2011 டிசம்பரில் அறிவித்த எச்டி 7970 கார்டில் ஜீரோகோர் என்ற வசதி வந்தது. மானிட்டர் அணைந்ததும் விசிறியே நின்று கார்டு 3 வாட்டுக்கும் கீழே போய்விடும். தூக்கம் ஆழமாக ஆக, எழுப்பும் வேலையும் நுணுக்கமாகிக்கொண்டே போனது.

பழி கார்டு மீது, குற்றம் வேறிடத்தில்

சும்மா இருக்கும்போது விழும் கம்ப்யூட்டரில் திரைதான் முதலில் அணையும். அதனால் முதல் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டு மீதுதான். ஆனால் எப்போதும் குற்றவாளி அதுவே இல்லை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலரும் புராசஸருக்கும் கார்டுக்கும் காசு செலவழித்துவிட்டு, கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்துக்கொள்வார்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட் பாதையும் 5 வோல்ட் பாதையும் ஒன்றாகவே சீர்செய்யப்படும். ஒரு பக்கம் சுமை இருந்து மறுபக்கம் காலியானால் இரண்டும் நிலைதடுமாறும். 12 வோல்ட் பாதை 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது விதி. சுமையே இல்லாதபோது அதை அங்கே பிடித்து வைப்பது மலிவுப் பெட்டிக்குச் சிரமம். "அதிக சுமை தாங்குமா" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "குறைந்த சுமை தாங்குமா" என்று கேட்பவர் இல்லை.

அந்தக் கேள்வியை உலகம் கேட்டது 2013-இல். அந்த ஆண்டு ஜூனில் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் புராசஸர்கள் மிக ஆழமாகத் தூங்கின. தூங்கும்போது 12 வோல்ட் பாதையில் 0.05 ஆம்பியர் அளவுக்கே இழுக்கும். அதாவது 0.6 வாட்! முந்தைய வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் 0.5 ஆம்பியர். பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பழைய எஸ்எம்பிஎஸ் சில இதைப் பார்த்து "ஆளே இல்லை போலிருக்கிறது" என்று தடுமாறும் அபாயம் இருந்தது. எஸ்எம்பிஎஸ் கம்பெனிகள் எந்தெந்த மாடல் தாங்கும் என்று பட்டியல் போட்டன. மதர்போர்டு கம்பெனிகள் பயாஸில் அந்த ஆழ்தூக்கத்தை அணைத்து வைக்கும் வசதி கொடுத்தன.

2017-இல் ஏஎம்டியின் ரைசன் வந்தபோது லினக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலர் இதே கதையைச் சொன்னார்கள். ராத்திரி சும்மா விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் கம்ப்யூட்டர் உறைந்து கிடக்கும். பிறகு பல மதர்போர்டுகளின் பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்று ஒரு தேர்வு வந்தது. அதில் "டிபிகல் கரண்ட் ஐடில்" என்று வைத்தால் தூங்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பலருக்குத் தொல்லை தீர்ந்தது. இதில் கிராபிக்ஸ் கார்டுக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் எத்தனை பேர் முதலில் கார்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்!

சூடாகி ஆறினால்...

ஏற்ற இறக்கத்தால் உண்டாகும் இன்னொரு சேதம் சிப்புக்கு அடியில் நடக்கிறது. சிப்பையும் அதன் பலகையையும் இணைப்பவை மிகச் சிறிய ஈயப்பற்றுப் புள்ளிகள். சூடானால் எல்லாம் விரியும், ஆறினால் சுருங்கும். ஆனால் சிப்பும் பலகையும் ஒரே அளவில் விரியாது. திரும்பத் திரும்ப மடக்கிய கம்பி போலப் புள்ளிகள் களைத்துப்போய் விரிசல் விடும்.

2008 ஜூலை 2 அன்று என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சில வழக்கத்துக்கு மேல் பழுதாவதாகவும், அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை கணக்கில் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. அந்தக் காலாண்டுக் கணக்கில் ஏறியது 196 மில்லியன் டாலர். சிப்பை உறையிடும் பொருட்களின் பலவீனம் காரணம் என்றது. லேப்டாப்பின் குளிர்விக்கும் அமைப்பையும் பயனர் பயன்படுத்தும் விதத்தையும் சேர்த்தே குறிப்பிட்டது. டெல் போன்ற கம்பெனிகள் விசிறியை அதிக நேரம் ஓட்டும்படி பயாஸை மாற்றின. சூடு ஏறி இறங்குவதைக் குறைக்கும் உபாயம் அது.

பிகாம் படிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். விற்ற பொருளுக்கு வாரண்டி கொடுத்தால் எதிர்காலத்தில் வரக்கூடிய செலவுக்கு இப்போதே ஒதுக்கீடு வைக்க வேண்டும். கணக்கியல் தரநிலை 29-ஐ நடத்தும்போது சொல்லப்படும் முதல் உதாரணமே வாரண்டிதான். கம்பெனி தன் பக்கத்துச் செலவை இப்படி எண்ணாக எழுதிவிடும். உபயோகிப்பவர் இழந்த நாட்களை எந்த லெட்ஜரிலும் எழுதுவதில்லை.

"இங்க நல்லாதாங்க ஓடுது!"

இந்தக் கோளாறில் அடிபடுபவர் யார் என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். ஆரணியில் டிசைன் போடும் ஒருவர் கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டுவார். சோதனை மென்பொருளை ஓட்டி அரை மணி நேரம் கார்டை வறுத்தெடுப்பார். விழாது. "இங்க நல்லாதாங்க ஓடுது, உங்க வீட்ல கரண்ட்டப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் செய்தது பாரச் சோதனை. கோளாறு இருப்பது தூக்கத்தில். மாரடைப்பு நோயாளிக்குப் பல் சோதனை செய்தது போல!

அப்புறம் அவர் தன் கைக்காசில் புதுக் கார்டு வாங்குவார். குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தால் புதுக் கார்டும் அதே போல விழும்.

சட்டம் இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்து 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. பொருளின் குறையைச் சோதனை செய்யாமல் தீர்மானிக்க முடியாது என்றால் மாவட்ட ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். "தொழிலுக்கு வாங்கிய பொருளாயிற்றே, நுகர்வோர் என்று ஒப்புக்கொள்வார்களா?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது. வீட்டில் உட்கார்ந்து டிசைன் போட்டுப் பிழைப்பவர் நுகர்வோரே.

ஆனால் எந்த நிலையில் சோதிக்க வேண்டும் என்று புகாரிலேயே எழுதாவிட்டால் ஆய்வகமும் பாரம் ஏற்றித்தான் பார்க்கும். "சும்மா இருக்கும்போது, ஒரு மானிட்டரோடு, இத்தனை நிமிடத்தில், இன்ன தேதிகளில் நின்றது" என்று எழுதத் தெரிந்தவருக்கே அந்த வாசல் திறக்கும். இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் உள்ள காசு பெறும் லாபம் இதுதான்.

வரலாறு சொல்லித்தரும் வரிசை

ஒவ்வொரு காலத்துப் பிரச்சினையும் ஒரு சோதனையை விட்டுச் சென்றிருக்கிறது. காசு செலவில்லாததிலிருந்து தொடங்கினால் வரிசை இப்படி வரும்.

1. பதிவைப் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் இருந்தால் டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. 41 (கர்னல் பவர்) மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஹேங் ஆகி ரீசெட் அடித்தாலும் அதுதான் வரும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தூங்க விடாமல் பாருங்கள். ஒரு சின்ன வீடியோவை ஓரமாக ஓடவிட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாள் விழவில்லை, நிறுத்தியதும் விழுகிறது என்றால் பிரச்சினை தூக்கத்தில் என்பது ஏறக்குறைய உறுதி.

3. கார்டின் தூக்கத்தைக் குறையுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மென்டை அதிகபட்ச செயல்திறனுக்கு மாற்றலாம். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் என்பதை அணைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது மருந்து என்று தெரியாது.

4. டிரைவரை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். புதியதுதான் நல்லது என்று இல்லை. சாம்பல் திரை டிரைவர் திருத்தத்தால் தீர்ந்தது போல, சில கோளாறுகள் புதிய டிரைவராலேயே வந்து சேரும்.

5. மானிட்டர். இரண்டு இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கேபிளை மாற்றுங்கள்.

6. புராசஸரின் தூக்கம். பயாஸில் சி-ஸ்டேட்ஸ் என்பதை அணைத்துப் பாருங்கள். ரைசன் என்றால் மேலே சொன்ன ஐடில் கன்ட்ரோல். இதில் குணமானால் கார்டு நிரபராதி.

7. எஸ்எம்பிஎஸ். நண்பரிடம் நல்ல பெட்டி ஒன்றை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கார்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்தால் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

8. கடைசியாகக் கார்டு. உங்கள் கார்டை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, விளையாடாமல், சும்மா விட்டுப் பாருங்கள். அங்கேயும் சும்மா இருக்கும்போது விழுந்தால் கார்டுதான். தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டு வாரண்டிக்குப் போகலாம்.

இரண்டும் மூன்றும் வெற்றி பெற்றால் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் கார்டு நாள் முழுக்க விழித்திருந்தால் கரண்ட் பில்லும் விசிறித் தேய்மானமும் கூடும். அதைவிட முக்கியம், வாரண்டிக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்தபின் உள்ளபடியே சரிசெய்துகொள்வதுதான் லாபம்.

ஜக்கார்டு காலத்து அட்டை கிழிந்தால் சேலையில் அந்த இடத்தில் பூ பிசகும். கண்ணால் பார்த்து எந்த அட்டை என்று சொல்லிவிடலாம். இப்போது துணுக்கான சிலிக்கானுக்குள் நொடிக்குப் பல முறை நடக்கும் ஏற்ற இறக்கத்தில் பிசகுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் வழி அதேதான்: எந்த இடத்தில் பிசகியது என்று பொறுமையாகத் தேடுவது. அதுவரை, புள்ளி வைத்துவிட்டு யோசிக்க உட்காரும் முன் ஒருமுறை கன்ட்ரோல் எஸ் அடித்துவிடுவது நல்லது!